பழைய கணினிக்கு முதல் போடலாமா?

தராசு சரியாக நிற்காவிட்டால் நாம் உடனே புதுத் தராசு வாங்குவதில்லை. முள் தேய்ந்ததா, தட்டு கோணியதா என்று பார்த்து, கெட்டதை மட்டும் மாற்றுகிறோம். வீட்டுக் கணினி மெதுவாக ஓடினால் மட்டும் அந்த நிதானம் நமக்கு வருவதில்லை. பகலில் பிள்ளைகள் படிக்கவும், இரவில் நாம் கடைக் கணக்குப் பார்க்கவும் பத்தாண்டாக உழைத்த ஒரு கணினிக்கு எந்தச் செலவு லாபம், எந்தச் செலவு நட்டம் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கணினியை ஒரு கடையாக எண்ணிக் கொள்வோம். செயலி என்பது கணக்கப்பிள்ளை. ராம் என்னும் நினைவகம் அவர் முன்னுள்ள மேசை. ஹார்டு டிஸ்க் கிட்டங்கி. மேசை சிறியதானால் ஓர் ஏட்டை விரிக்க மற்றொன்றைக் கிட்டங்கிக்கு அனுப்ப வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் கணக்கப்பிள்ளை மேல் குற்றமில்லை; ஏடு வந்து சேரும்வரை காத்திருப்பதிலேயே அவர் பொழுது கழிகிறது. எனவே, அந்தக் காத்திருப்பைக் குறைக்கும் செலவே நல்ல செலவு.

செலவுக்கு முன் ஒரு கடமை உண்டு. வியாபாரக் கணக்குகளைச் சிங்கப்பூரில் 5 ஆண்டுகளும் மலேசியாவில் 7 ஆண்டுகளும் வைத்திருக்க வேண்டுமென்பது வரிச் சட்டம். கணினி போனால் வேறு வாங்கலாம். பேரேடு போனால் எங்கே வாங்குவது? ஆகவே பெட்டியைத் திறக்குமுன் கணக்குகள் அனைத்தையும் வெளியே ஓரிடத்தில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் ‘டக், டக்’ என்ற ஓசை கேட்டால் நாளைக்கென்று ஒத்திப்போடலாகாது.

முதற் செலவு: எஸ்.எஸ்.டி. பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, ஒரு கை அதன்மேல் நகர்ந்து தேடுகிறது. எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே கிடையாது. சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை அது பன்மடங்கு விரைவாக எடுத்துத் தரும். நிமிடக் கணக்கில் விழித்தெழுந்த கணினி விநாடிக் கணக்கில் எழும். ஒரே ஒரு செலவுதான் செய்யமுடியும் என்பவர் இதைச் செய்க.

இரண்டாவது செலவு: ராம். 4 ஜிகாபைட் உள்ளதை 8 ஆக்கினால் மேசை இரட்டிப்பாகும். ஆனால் வாங்குமுன் மூன்றைக் கவனிக்க வேண்டும். டி.டி.ஆர்.3 பொருந்தும் பலகையில் டி.டி.ஆர்.4 பொருந்தாது. சில மடிக்கணினிகளில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் மாற்ற இயலாது. வீட்டுக் கணினியிலுள்ள விண்டோஸ் 32 பிட் வகையானால் 4 ஜிகாபைட்டுக்கு மேல் போடுவது வீண்.

மூன்றாவது மிகச் சிறிய செலவு: சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. இது தீர்ந்தால், மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் மேசைக் கணினியின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். பட்டியலில் தேதி தப்பாக விழும். பாதுகாப்பான இணையத்தளங்களும் திறக்க மறுக்கும். இதைப் பெரும் பழுதென்று எண்ணிக் கணினியையே கழித்துவிடுவோரும் உண்டு.

வேண்டாத செலவுகளும் உள்ளன. செயலியை மாற்றப் புகுந்தால் பலகையை மாற்ற நேரும்; பலகை மாறினால் ராமும் மாறக்கூடும். வாலைப் பிடிக்கப்போய் மாட்டையே வாங்கிய கதையாகும். விளையாட்டுக்குரிய கிராபிக்ஸ் கார்டும் கணக்கு வேலைக்கு வேண்டியதில்லை.

நிற்க, மென்பொருளுக்கு வருவோம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 வசதியும் புதிய செயலியும் பத்தாண்டுக் கணினிகள் பலவற்றில் இல்லை. அத்தகைய கணினிக்கு நாம் விரும்புவது லினக்ஸ் மின்ட். இது இலவசம். யூ.எஸ்.பி. குச்சியிலிருந்தே ஓட்டிப் பார்த்து, அச்சுப்பொறி வேலை செய்கிறதா என்று சோதித்தபின் பதித்துக் கொள்ளலாம். விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருளை நம்பியிருப்போர், அது ஓடுமா என்று அறியாமல் மாறக்கூடாது. எக்செல் கோப்புகளைத் திறக்க லிப்ரே ஆபீஸ், இரட்டைப் பதிவு முறையில் பற்று வரவு எழுத க்னூகேஷ், பாட்டும் படமும் கேட்டுப் பார்க்க வி.எல்.சி. ஆகிய மூன்றும் இலவசமே.

இத்தனை செலவும் சேர்ந்து புதுக்கணினி விலையில் பாதியைத் தாண்டுமானால் நிறுத்திக்கொள்வதே புத்தி என்பது நமது கருத்து. அப்போதும், பழையதை விற்குமுன் அதன் டிஸ்க்கை முற்றாக அழித்துவிட வேண்டும். நம்மை நம்பிக் கடன் வைத்தவர்களின் பெயரும் தொகையும் அதில் இருக்கின்றன. அவை பிறர் கண்ணில் படாமல் காப்பதும் நம் நாணயத்தில் ஒரு பகுதியே.