வெட்டுவதற்கு முன் எண்ணுங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

காயில் கருகி, மறுபடி கட்டிப் போட்ட உங்கள் கிணற்று மோட்டார் முன்னைவிடச் சீக்கிரம் சூடேறுவதாக எழுதியிருந்தீர்கள். “ஒருதரம் காயில் கட்டினால் மோட்டார் அவ்வளவுதானா?” என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படி ஒன்றுமில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள மோட்டார் பழுதுபார்ப்போர் சங்கங்கள் சேர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வும், முறையாகக் கட்டினால் திறன் குறைவதில்லை என்றே காட்டியது. பழைய காயிலைக் கணக்கெடுக்காமல் வெட்டி எறிவதில்தான் பெரும்பாலும் வினை தொடங்குகிறது.

எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்கு, ஸ்டாரா டெல்டாவா: மோட்டாரை வடிவமைத்தவர் போட்ட கணக்கு இதுதான். நேம்பிளேட்டில் இது முழுதாக இருக்காது. கருகிக் கிடக்கும் காயிலில்தான் இருக்கும். 36 ஸ்லாட், 4 போல் மோட்டார் என்றால் காயில்கள் மூன்று மூன்றாக, 1-12, 2-11, 3-10 என்று ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கலாம். அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் உளியை எடுக்க வேண்டும்.

சுற்று குறைந்தால் ஸ்லாட்டில் கம்பியை இறக்குவது சுலபம். ஆனால் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே இரும்பில் காந்தப்பாய்வு 11 சதவீதம் ஏறும். அவ்வளவைத் தாங்க முடியாத இரும்பு கரண்டை அதிகமாக இழுக்கும். சுற்று அதே அளவு கூடிவிட்டாலோ முறுக்குவிசை ஆறில் ஒரு பங்கு போய்விடும். கம்பியிலும் இதே கதைதான். 19 கேஜுக்குப் பதில் 20 கேஜ் போட்டால் செம்பு 19 சதவீதம் குறையும். அதே கரண்டுக்குக் கம்பியில் சூடாக வீணாவது 23 சதவீதம் கூடும். 19 கேஜ் கிடைக்காவிட்டால் 22 கேஜ் இரண்டைச் சேர்த்துச் சுற்றலாம். செம்பு 98 சதவீதம் வந்துவிடும். இந்தக் கணக்கு பார்ப்பது வீண்வேலை இல்லை. காயிலின் சூடு 10 டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இன்னொரு தவறு, கேஸ் டார்ச் வைத்துக் கொளுத்திப் பழைய காயிலை உருவுவது. ஸ்டேட்டர் என்பது மெல்லிய தகடுகளின் அடுக்கு; ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் இன்சுலேஷன் பூச்சு உண்டு. அது எரிந்துபோனால் தகடுகளுக்குள்ளேயே கரண்ட் சுழன்று இரும்பே கொதிக்கும். புதுக்கம்பி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைச் சரிசெய்யாது.

கருகிய காயில் காரணத்தையும் சொல்லும். ஸ்டார் மோட்டாரில் இரண்டு ஃபேஸ் கருகி ஒன்று மட்டும் புதிதுபோல் இருந்தால் லைனில் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. டெல்டாவில் நேர்மாறாக ஒன்று கருகி இரண்டு தப்பிக்கும். மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு, லோ வோல்டேஜ், பம்ப் இறுக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காரணத்தைக் கவனிக்காவிட்டால் புதுக் காயிலும் அதே வழியில் போகும்.

இப்போது உங்கள் மோட்டாருக்கு வருவோம். ஓடும்போது டாங் டெஸ்டர் வைத்து மூன்று ஃபேஸையும் அளந்து நேம்பிளேட்டோடு ஒப்பிடுங்கள். வோல்டேஜும் பம்பும் சரியாக இருந்து, மூன்றிலும் கரண்ட் கூடியிருந்தால் சுற்று குறைந்திருக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். கரண்ட் சரியாக இருந்தும் சூடேறினால் கம்பி மெலிந்திருக்கலாம், அல்லது இரும்பு கெட்டிருக்கலாம். காயில் கட்டியவரிடம் முதலில் போய், சுற்று, கேஜ் எழுதிய சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கம்பியை இன்னும் எடைக்குப் போடாமல் வைத்திருந்தால் அதில் ஒரு துண்டை வாங்கி, எனாமலைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

அன்புடன்.