களைக்கு முந்திய மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

தோட்டக்கலைப் பட்டயம் முடித்த கையோடு, பழைய மகாபலிபுரம் சாலையோரத்துத் தனிவீட்டுக் குடியிருப்பு ஒன்றின் பசுமைப் பராமரிப்பு உன் பொறுப்பில் வந்திருக்கிறது. நல்ல வேலை. ஆனால் முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் தன் வீட்டு வாசலில் முளைத்த கோரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மறுநாள் காலையில் சங்கச் செயலாளர் உன்னை அழைத்து, "மருந்து அடிச்சிடலாமே" என்பார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறாய் என்பதைப் பொறுத்தே அந்தத் தோட்டத்தின் அடுத்த பத்தாண்டு அமையும்.

இத்தகைய குடியிருப்புகளில் வீடுகள் விற்று முடியும்வரை தோட்டத்துக்குப் பணம் தாராளமாக ஓடும். சதுரம் சதுரமாக வெட்டிய புல்தரை லாரியில் வந்து இறங்கும். நாற்றங்காலில் பூத்த செடி பூத்தபடியே நடப்படும். கட்டியவர்கள் சாவியைக் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைத்த பிறகுதான் மண்ணின் நிலை வெளியே தெரியும். மேலே ஒரு சாண் செம்மண். அதன் கீழே உடைந்த செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும் லாரிச் சக்கரம் ஏறி இறுகிய தரையும். வேர் இறங்காத புல் வெயிலில் வெளிறும், தண்ணீரைக் கூட்டுவார்கள், ஈரம் தேங்கும். அந்த ஈரத்துக்குத்தான் கோரை வருகிறது.

கோரையை நன்றாகப் படி. 1977-இல் வெளியான, உலகின் மிக மோசமான களைகளைத் தொகுத்த நூலில் முதல் இடம் பெற்ற செடி இது. மண்ணுக்குள் அதன் கிழங்குகள் நூலில் கோத்த மணிகள்போல் ஒன்றோடொன்று தொடுத்தபடி கிடக்கும். பெரும்பகுதி மேல் 15 சென்டிமீட்டருக்குள்தான். தலையைப் பிடித்து இழுத்தால் தாள் கையோடு வரும், தொடர் அறுந்துபோகும், அதுவரை உறங்கிக்கிடந்த கிழங்குகள் விழித்துக்கொள்ளும். ஒருமுறை பிடுங்கிவிட்டு இரண்டு மாதம் மறந்துபோனால் முன்னைவிட அடர்த்தியாக நிற்பது இதனால்தான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இலை சேமிப்பைக் கிழங்குக்குத் திருப்பி அனுப்பும் முன்பே, களைக்கொத்தியால் ஆழத்திலிருந்து எடுத்துக்கொண்டே வந்தால் கிழங்கு சோர்ந்துபோகும். கறுப்பு பிளாஸ்டிக் விரித்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. கோரையின் கூர்முனை பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வரும்.

கோரை தாங்காதவை இரண்டு: நிழலும் சித்திரை வெயிலும். வெறுமையாகக் கிடக்கும் பாத்தியை ஏப்ரல், மே மாதங்களில் கிளறிக் கிழங்குகளை மேலே கொண்டுவந்து காயவிடு. நம் உழவர்கள் கோடை உழவு என்று செய்வது இதைத்தான். குடியிருப்புக்குள் அதைச் செய்ய ஒரு மண்வெட்டியும் தண்ணீர்க் குழாயை மூடும் துணிச்சலும் போதும். அதன்பின் அந்த இடத்தில் புல்தரையே போடாமல், தரையை மூடிக்கொள்ளும் குறுஞ்செடிகளை நெருக்கமாக நட்டால் நிழல் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பார்த்தீனியத்தின் குணம் வேறு. 1950-களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய இந்தச் செடிக்குக் கிழங்கு கிடையாது, விதை மட்டும்தான். ஆனால் ஒரே செடி பல ஆயிரம் விதைகளைக் கொட்டும். எனவே பூக்கும் முன் பிடுங்கியாக வேண்டும். பூத்தபின் பிடுங்கிக் குப்பைமேட்டில் போட்டால் அதுவும் ஒரு விதைப்புதான். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் யாரையும் இதில் இறக்காதே; தோல் அழற்சி வந்தவர்களுக்கு அது வாழ்நாள் தொல்லையாகிவிடுகிறது. ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. மழைக்காலத்தில் செடி இளசாக இருக்கும் நேரம் அது. மதிலுக்கு வெளியே காலிமனையில் இருக்கும் செடிகளையும் அந்த வாரத்தில் அகற்றச் செய். விதைக்கு மதில் ஒரு தடையே இல்லை. இலையில் வெளிர்நிற முதுகில் பழுப்புக் கோடுகள் கொண்ட வண்டு தென்பட்டால் விட்டுவிடு. 1980-களில் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்கு வரவழைக்கப்பட்ட அந்த வண்டுக்குப் பார்த்தீனிய இலைதான் உணவு.

பல களைகளை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம். சரியாக மக்காத சாணம், எங்கிருந்து தோண்டியது என்று தெரியாத செம்மண் லோடு, ஒப்பந்தக்காரர் வேறொரு குடியிருப்பில் ஓட்டிவிட்டுக் கழுவாமல் கொண்டுவரும் புல்வெட்டும் இயந்திரம் எல்லாமே விதை சுமந்து வருபவை. எரு 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாள் சூடேறி, புரட்டிப்போடப்பட்டு மக்கியிருந்தால் பெரும்பாலான விதைகள் செத்திருக்கும். வாங்கும் இடத்தில் இதைக் கேள். நர்சரியில் தரைமூடி என்று மலிவாகத் தரும் மஞ்சள் பூக் கொடியான வெடிலியா, உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். அதைக் கேட்டு வாங்கும் குடியிருப்புகள் இன்றும் இருக்கின்றன என்பது வேதனை.

மருந்து விஷயத்துக்கு வருவோம். 2022 அக்டோபரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட ஆணை, கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே தெளிக்கலாம் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த முடிவை ஏற்கவில்லை. இந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரணங்கள் உன் காலடியிலேயே இருக்கின்றன. குடியிருப்புகளில் அதிகம் தெளிக்கப்படும் இடம் பேவர் பிளாக் இடுக்குகள்தான். அங்கே பிடித்துவைக்க மண் இல்லை. அடுத்த மழை மருந்தை வடிகாலுக்குக் கொண்டுபோகும். சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம் பகுதி வடிநீர் சேரும் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. களைக்கொல்லியோடு கலக்கப்படும் சில ஒட்டுதிரவங்கள் தலைப்பிரட்டைகளைக் கொல்லக்கூடியவை. தவளை குறைந்த குடியிருப்பில் கொசுவைப் பற்றியும் உன்னிடமே புகார் வரும். பேவர் இடுக்குக்கு ஒரு சுரண்டியும், சுரண்டியபின் இடுக்கை மறுபடி நிரப்ப மணலும் போதும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி மட்டும் உன் கிடங்குக்குள் நுழையவே கூடாது. விழுங்கியவரைக் காப்பாற்ற அதற்கு மாற்றுமருந்து கிடையாது. உப்பும் வினிகரும் கலந்த வீட்டு வைத்தியத்தை யாராவது பரிந்துரைத்தால் அதையும் மறு. உப்பு மண்ணில் தங்கிவிடும். ஏற்கெனவே சுத்திகரித்த கழிவுநீர் பாயும் தோட்டத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்று, யாரும் கூட்டத்தில் பேசாதது. களை எடுக்க வரும் பெண்கள் வேலை முடிந்து போகும்போது மடியில் மூக்கிரட்டையும் சாரணையும் தரைக்கீரையும் கொண்டுபோவார்கள். அன்றிரவு அது அவர்கள் வீட்டுக் கடைசல். நேற்று அங்கே தெளித்திருந்தால் அதை அவர்களுக்கு யார் சொல்வது? பலகை வைத்தால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். தெளிக்காமலே இருப்பது இன்னும் நல்லது. ஈர மண்ணில் இரண்டே இலை விட்ட முளையைப் பார்த்து இது குப்பைமேனி, இது நெருஞ்சி என்று பிரிக்கும் கண் அவர்களுக்கு உண்டு. உன் பட்டயப் படிப்பு அந்தக் கண்ணைத் தந்திருக்காது. அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள். உச்சிவெயிலில் அவர்களை உட்காரவைக்காமல் காலை 6 மணிக்குத் தொடங்கி 11-க்குள் முடிக்கும் அட்டவணை போடு.

எல்லாவற்றையும் பிடுங்கவும் வேண்டாம். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் புல்தரையில் நெருஞ்சி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நடைபாதையை ஒட்டி ஒரு மீட்டர் அகலம் குட்டையாக வெட்டியிருந்தால் பாம்பு பற்றிய அச்சம் பெரும்பாலும் அடங்கும். ஆனால் பின்மதிலோரம் வெட்டுக்காயப் பூண்டு பூத்தால் பட்டாம்பூச்சிகளுக்குத் தேன். எருக்கு நின்றால் வெந்தய வரியன் அங்கே முட்டையிடும். எந்த இடம் எப்படி இருக்கும் என்று வரைபடத்தில் நிறம் தீட்டிச் சங்க அலுவலகத்தில் ஒட்டிவிடு. அதன்பின் வரும் புகார்களில் பாதிக்கு அந்த வரைபடமே பதில் சொல்லும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். களை கண்ணில் படும் நாளில் உன் வேலையின் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும் என்பதால், செப்டம்பர் பொதுக்குழுவிலேயே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடு. சருகை எரிக்காமல் பொடித்து, வெற்று மண் தெரியும் பாத்திகளில் நான்கு விரல் உயரத்துக்கு மூடாக்குப் போட அனுமதி வேண்டும். மரத்தடியில் மட்டும் தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விடு. நிழலில் காய்ந்து வெறும் மண்ணாகிவிட்ட புல்தரையை விட்டுக்கொடுக்கச் சங்கம் ஒப்ப வேண்டும். அடர்நிழலில் கொரியன் புல் வராது, எத்தனை முறை மாற்றினாலும் வராது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் "களையற்ற நிலை" என்ற வரியை நீக்கி, வாரத்துக்கு இத்தனை ஆள், இத்தனை மணி நேரம் என்று எழுதச் சொல். கையுறைக்கும் களைக்கொத்திகளுக்கும் தனித்தொகை ஒதுக்கச் சொல். தெளிப்பானுக்கென்று வைத்திருக்கும் பணத்திலேயே இவ்வளவும் அடங்கும். கணக்கை எழுத்தில் கொண்டுபோ.

அன்புடன்,
உனக்கு முன்னே இந்த மண்ணில் குனிந்தவர்களில் ஒருவர்