டீ கிளாஸைத் தொட்டதும் சிகரெட் ஞாபகம் ஏன்?

ஆரணியிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் போகிறவரா நீங்கள்? வேலை முடிந்து டீ கிளாஸைக் கையில் வாங்கினதுமே சிகரெட் தேடுதா? அது உடம்பு கற்றுக்கொண்ட பாடம்.

ஒலி எழுப்பிய பிறகே தினமும் சாப்பாடு வைத்தால், அந்த ஒலிக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காட்டினார். உங்களுக்கு டீதான் அந்த ஒலி. புகை இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளையை எட்டி இதம் தருவதால், பாடம் ஆழமாகப் பதிகிறது.

கற்றதை மாற்றவும் முடியும். சிகரெட் விற்காத கடையில் டீ குடியுங்கள். கையில் கடலைமிட்டாய் இருக்கட்டும். ஆசை சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஒவ்வொரு முறை தாண்டும்போதும் டீக்கும் சிகரெட்டுக்கும் இடையிலான முடிச்சு தளரும்.

துணை வேண்டுமா? சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை இப்பவே போனில் சேமியுங்கள், பேசிப் பாருங்கள்.