முத்திரையும் காப்புரிமையும்

செஞ்சிக் கோட்டைக் களஞ்சியத்தின் சுவரைக் கண்டு வியக்காதார் இலர். சுவரும் பூட்டும் திருட்டைத் தடுக்கும். முத்திரையோ நடந்த திருட்டைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் களத்தில் நெற்குவியல்மேல் தாத்தா சாம்பலால் குறியிடுவார். ஒரு படி நெல் எடுத்தாலும் குறி கலைந்துவிடும்.

கலன்களுக்கு இத்தகைய முத்திரையொன்றை நாம் புதிதாக அமைத்தால், சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி ஆய்வாளர் முக்கியமாக மூன்றைப் பார்ப்பார்: இது புதியதா? துறை அறிந்தவர்க்கு எளிதில் தோன்றாததா? தொழிலுக்குப் பயன்படுமா? சாம்பற்குறி மரபறிவு, அதற்கு உரிமை கிடையாது. திறந்ததும் மீளாதபடி நிறம் மாறும் மூடிக்குப் புதுவழி கண்டால் வாய்ப்புண்டு.

ஆகவே நண்பர்களே, முதலில் விண்ணப்பியுங்கள். பிறகு இம்மலரில் எழுதுங்கள். முந்தி அச்சேறினால், நம் எழுத்தே புதுமைக்குத் தடையாகிவிடும்!