குருதிக் குழாயில் விழும் சிறு துளை: அதனை மூடும் முறைகள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்துள்ள சிற்றூர் உதியன்குளங்கரை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு வட்டம் தமிழகத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் நோய்க்கு எல்லை ஏது? இதய நோய் கண்டவர்கள் எல்லைக்கு இருபுறமிருந்தும் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளை நாடிச் செல்கின்றனர்.

அவ்வாறு சென்ற ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரை எண்ணிக் கொள்வோம். அவருக்குத் தொடை வழியாக ஆஞ்சியோகிராம் சோதனை செய்யப்படுகிறது. இதயக் குழாய்களின் நிலையை மருத்துவர் அறிந்துவிட்டார். ஆனால் பணி முடிந்துவிடவில்லை. குழாய் நுழைந்த இடத்தில், தமனியின் சுவரில் ஒரு துளை எஞ்சி நிற்கிறது. அத்துளை எவ்வாறு மூடப்படுகிறது என்பதைப் பொறுத்தே அவர் எப்போது எழுந்து நடப்பார், எப்போது ஊருக்குத் திரும்புவார் என்பது அமையும்.

துளை பிறந்த வரலாறு

1953இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஸ்வென் இவார் செல்டிங்கர் ஓர் எளிய முறையை வெளியிட்டார். ஊசியால் தமனியைக் குத்தி, ஊசியின் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, ஊசியை எடுத்துவிட்டு, கம்பியின் மீதே குழாயை உள்ளே நகர்த்துவது அம்முறை. தமனியை அறுத்துத் திறக்கும் தேவை இதனால் நீங்கிற்று. இன்று இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றின் குழாய்களுக்குச் செய்யப்படும் பல சிகிச்சைகளுக்கு இதுவே அடிப்படை.

சாதாரண ஆஞ்சியோகிராமுக்குப் பயன்படும் குழாயின் விட்டம் ஏறத்தாழ 2 மி.மீ. துளை சிறியதே. எனினும் தமனியில் குருதி அழுத்தத்துடன் ஓடுகிறது. நோயாளிக்குக் குருதி உறையாமலிருக்க மருந்தும் கொடுக்கப்பட்டிருக்கும். ஆகவே கவனக்குறைவு நேர்ந்தால் தொடையில் பெரிய இரத்தக்கட்டு உண்டாகலாம். அதனினும் கொடிது, வயிற்றின் பின்புறத்தில் வெளியே தெரியாமல் குருதி கசிவதாகும்.

கையே முதற் கருவி

துளையை மூடும் பழைய முறை கையால் அழுத்துவதே. பயிற்சி பெற்றவர் விரல்களால் 15 முதல் 20 நிமிடங்கள் இடைவிடாது அழுத்திப் பிடிக்கிறார். தமனியில் உள்ள துளை, தோலில் தெரியும் துளைக்குச் சற்று மேலே இருக்கும் என்பதால், அழுத்தமும் அங்கேயே விழ வேண்டும். அடியில் தொடை எலும்பின் தலை இருந்தால்தான் தமனி அதன்மேல் நன்கு அமுங்கும். குருதி நிற்க வேண்டும்; அதே வேளையில் பாதத்திற்குச் செல்லும் ஓட்டம் நெடுநேரம் தடைப்படவும் கூடாது. இதன் பின்னர் நோயாளி காலை மடக்காமல் பல மணி நேரம் படுத்திருக்க வேண்டும்.

இம்முறைக்குப் பொருட்செலவு இல்லை. ஆனால் ஒருவரின் நேரமும் ஒரு படுக்கையும் அதற்கு ஈடாகின்றன. முதுகுவலி உள்ள முதியவருக்கு அசையாது கிடப்பதே பெரும் துன்பம்.

பின் கொண்டு மூடுதல்

உடலின் திசுக்களை உலோகப் பின்களால் இணைக்கும் எண்ணம் புதிதன்று. 1908இல் ஹங்கேரி நாட்டு அறுவை மருத்துவர் ஹூமேர் ஹூல்ட்ல் இரைப்பையை மூட ஒரு ஸ்டேப்ளர் கருவியைப் பயன்படுத்தினார். அதன் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், சோவியத் நாட்டினர் அறுபட்ட குருதிக் குழாய்களின் முனைகளை இணைக்கும் ஸ்டேப்ளர்களை உருவாக்கினர். 1958இல் கீவ் நகரில் இத்தகைய கருவிகளைக் கண்ட அமெரிக்க மருத்துவர் மார்க் ராவிச், அவற்றைத் தம் நாட்டிற்கு அறிமுகப்படுத்தினார்.

அவை யாவும் உடலைத் திறந்து செய்யும் அறுவைக்கானவை. தோலுக்கு அடியில், கண்ணுக்குப் புலப்படாத துளையை வெளியிலிருந்தே மூடும் கருவிகள் 1990களில் வந்தன. சில, விலங்குப் புரதமாகிய கொலாஜனால் துளையை அடைத்தன. சில, நூலால் தைத்தன. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் டைட்டேனியப் பின்னும், நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினால் உலோகக் கவ்வியும் பயனுக்கு வந்தன.

இவை செயற்படும் விதம் எளிது. முன்பே உள்ள பாதை வழியே கருவியின் முனை தமனியின் வெளிச்சுவர் வரை செல்கிறது. மருத்துவர் விசையை அழுத்தியதும், கவ்வியின் சிறு பற்கள் துளையின் விளிம்புகளைப் பற்றி ஒன்றோடொன்று நெருக்குகின்றன. நிட்டினால் தன் பழைய வடிவத்தை 'நினைவில்' வைத்திருக்கும் உலோகமாதலால், விடுபட்டவுடன் தானே சுருங்கி இறுக்குகிறது. கவ்வி தமனிக்கு வெளியே தங்கிவிடுகிறது. குருதியோடும் பாதையில் அயற்பொருள் ஏதும் இல்லாமையே இதன் சிறப்பு.

பயனும் வரம்பும்

ஜெர்மனியில் 4,500க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, மூடும் கருவிகள் இரண்டைக் கையழுத்தத்துடன் ஒப்பிட்டது. குருதி நிற்கும் நேரம் 10 நிமிடத்திலிருந்து 1 நிமிடமாகக் குறைந்தது. ஆனால் குழாய் சார்ந்த கோளாறுகள் கருவி முறையில் 6.9 விழுக்காடு, கைமுறையில் 7.9 விழுக்காடு, பெரிய வேறுபாடு இல்லை. நேரம் மிச்சமாகிறது, ஆபத்து அறவே நீங்கிவிடவில்லை என்பதே இதன் பொருள்.

சுண்ணாம்பு படிந்து இறுகிய தமனிக்கும், குறுகிய தமனிக்கும் இக்கருவிகள் பொருந்தா. கருவி பிழைத்தால் தமனி அடைபடலாம். கிருமித் தொற்று ஏற்படலாம். அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். ஒரு முறை பயன்படுத்தியதை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

இதற்கிடையே மற்றொரு வழியும் பிறந்தது. 1989இல் கனடாவின் லூசியன் காம்போ மணிக்கட்டுத் தமனி வழியாக இதய ஆஞ்சியோகிராம் செய்யும் முறையை வெளியிட்டார். அங்குத் தமனி சிறியது. தோலுக்கு அருகிலேயே உள்ளது. ஒரு பட்டையால் அழுத்தினால் போதும். நோயாளி விரைவில் எழுந்து நடக்கலாம். ஆயினும் இதய வால்வைக் குழாய் வழியே பொருத்துவது போன்ற, பெரிய குழாய் தேவைப்படும் சிகிச்சைகளுக்குத் தொடைத் தமனியே பெரிதும் பயன்படுகிறது. மூடும் கருவிகளின் உண்மையான தேவை அங்கேதான் மிகுதி.

நம் முன் உள்ள பாடம்

2017 பிப்ரவரியில் மைய அரசு ஸ்டென்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்டின் விலை ரூ.29,600 ஆயிற்று. அடைப்பை நீக்கும் பொருளின் விலையை நாம் எண்ணிப் பார்த்தோம். துளையை மூடும் பொருளின் செலவையும் அவ்வாறே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மருத்துவமனைக்குக் கருவி வாங்கும் அலுவலர் விலையை மட்டும் நோக்கலாகாது. எந்த நோயாளிக்கு அது தேவை? பயன்படுத்துவோர் பயிற்சி பெற்றவரா? கருவி பிழைத்தால் உடனே உதவ அறுவை மருத்துவர் உண்டா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை வேண்டும்.

இத்தகைய கருவியை நம் நாட்டிலேயே உருவாக்க இயலுமா என்போர் திருவனந்தபுரத்தை நோக்கலாம். 1976இல் தொடங்கப்பெற்று, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக ஆன ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், மருத்துவமனையையும் பொறியியல் ஆய்வுக்கூடத்தையும் ஒருசேர நடத்துகிறது. டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் அங்கு உருவான இதய வால்வின் முதல் மூன்று வடிவங்கள் தோல்வியுற்றன. நான்காவது வடிவம் 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வால்வுகள் பயனுக்கு வந்தன. மருத்துவரும் பொறியாளரும் ஒரே கூரையின் கீழ், தோல்விக்கு அஞ்சாது பல்லாண்டு உழைத்ததன் பலன் அது.

உதியன்குளங்கரையிலிருந்து இந்நிலையம் நெடுந்தொலைவில் இல்லை. பேருந்தில் வந்த தொழிலாளி பேருந்திலேயே நலமாக வீடு திரும்ப வேண்டும். அதற்கு முதலில் வேண்டுவது பயிற்சி பெற்ற கை; அடுத்தது ஏற்ற வழியைத் தேர்ந்தெடுக்கும் அறிவு; அதன்பின் தேவைப்படுமிடத்தில் நல்ல கருவி. இவ்வரிசை மாறாதிருப்பின், அச்சிறு துளை அவருக்குப் பெருந்துன்பமாக மாறாது.