பொதியின் முகமும் உருண்டை எழுத்தும்



சந்தைக் கடையொன்றில் இரண்டு கச்சான் பைக்கற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. கச்சானும் ஒன்றே, நிறையும் ஒன்றே. ஒன்றில் மெல்லிய எழுத்துக்கள் நெருக்கி அச்சிடப்பட்டுள்ளன. மற்றதில் ‘கச்சான்’ என்ற ஒரு சொல் மட்டும் கொழுகொழுவென்று உருண்டு நிற்கிறது. தாயின் கையைப் பிடித்து வரும் பிள்ளை எதைக் காட்டும்? விடை உங்களுக்கே தெரியும். அந்த உருண்டை எழுத்து எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்பதே இம்முறை நமது பாடம்.

1990இல், 2004இல், 2007இல் என்று எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே அலைந்த குடும்பங்கள் பல. நிலம் கைவிட்டுப் போன காலத்தில் வறுப்பதும் இடிப்பதும் பொதி செய்து விற்பதுமே பலருக்குப் பிழைப்பாயிற்று. சாக்கில் அளந்து கொடுத்தால் பெயர் வியாபாரிக்குப் போகும். பொதியாகக் கொடுத்தால் பெயர் நமக்கே நிற்கும். ஆகவே பொதியின் மேல் உள்ள எழுத்து சிறிய விடயம் அல்ல.

நமக்குப் பழகிய வடிவம்

பனையோலையின் நார் நீளவாக்கில் ஓடும். நாரோடு சேர்த்து எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியக்கூடும். தமிழ், மலையாளம், சிங்களம் ஆகியவற்றின் எழுத்துக்கள் வளைந்து உருண்டதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்வர். ஓலையில் எழுதியோர் மெய்யெழுத்தின் புள்ளியையும் பெரும்பாலும் இடுவதில்லை. ஓலை வாசித்தவர் அதை ஊகித்துக் கொண்டார். பைக்கற்று வாங்குபவர் ஊகிக்க மாட்டார்.

விலையில்லாமல் கிடைக்கும் எழுத்து

மும்பையிலுள்ள ‘ஏக் டைப்’ என்ற எழுத்து வடிவமைப்பாளர் குழு ‘பாலூ’ என்ற உருண்டை எழுத்துக் குடும்பத்தை உருவாக்கியது. இந்தியில் கரடிக்கு வழங்கும் பெயர் அது. எழுத்தும் கரடிக்குட்டி போலத் தடித்து, மூலைகள் மழுங்கியே இருக்கும். பல மொழிகளுக்கு உறவுப் பெயர் வைத்தார்கள்: மலையாளத்துக்குச் ‘சேட்டன்’, தமிழுக்குத் ‘தம்பி’. கூகுள் எழுத்துரு நூலகத்திலிருந்து ‘பாலூ தம்பி’யை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் லேபல் அடித்துப் பொருளை விற்கவும் தடையில்லை. எழுத்துருவை மட்டும் தனியே விலைக்கு விற்கக்கூடாது. சிங்கள எழுத்து இக்குடும்பத்தில் இல்லை. சிங்களத்தில் எழுத வேறு எழுத்துரு தேட வேண்டும்.

கையால் வரைவோருக்கு

1. முதலில் பென்சிலால் மெல்லிய எழுத்தை வரையுங்கள். பின்பு வெளிப்பக்கமாக மட்டும் தடிப்பியுங்கள். உட்பக்கம் தடித்தால் சுழி அடைபட்டுவிடும்.

2. ‘எண்ணெய்’ என்று எழுதிச் சோதியுங்கள். ‘ண’வின் சுழிகள் திறந்து தெரிந்தால் மற்ற எழுத்துக்களும் தப்பும்.

3. புள்ளியைப் பெரிதாக இடுங்கள். அது எழுத்தோடு ஒட்டக்கூடாது.

4. பொதியைச் சுவரில் தொங்கவிட்டு ஐந்து அடி தள்ளி நின்று, எழுதாத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் எழுத்தைத் திருத்துங்கள்.

எங்கே வேண்டாம்

உருண்டை எழுத்து பெயருக்கு மட்டும். நிகர நிறை, சேர்மானங்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், செய்தவர் பெயர், விலாசம் ஆகியவற்றைச் சாதாரண எழுத்தில் தெளிவாக அடியுங்கள். சிறிய அளவில் தடித்த எழுத்து மை ஊறி அப்பிக் கொள்ளும். 3 எது, 8 எது என்று தெரியாத திகதி வாங்குபவருக்கு ஆபத்து. உணவு லேபல்கள் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டவை. அச்சிடக் கொடுக்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாதிரியைக் காட்டுங்கள்.

எலிமருந்துக்கும் பூச்சிமருந்துக்கும் இந்த எழுத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பிள்ளையை அழைக்கும் எழுத்து அது.

எந்த ஊரை எழுதுவது?

குழுக்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: “ஃபாதர், விட்டு வந்த ஊரைப் போடலாமா, இப்ப இருக்கிற இடத்தைப் போடுறதா?” விலாசத்தில் பொருள் இன்று செய்யப்படும் இடத்தையே எழுத வேண்டும். குறை சொல்ல வருபவர் நம்மைக் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா? விட்டு வந்த ஊரின் பெயரைக் குழுவின் பெயராகப் பெரிதாகப் போடலாம். ஆனால் அந்த மண்ணில் விளையாத கச்சானை ‘அந்த ஊர்க் கச்சான்’ என்று எழுதினால் அது பொய். இன்று அது நாலு பைக்கற்றுக் கூட விற்கலாம். ஊருக்குத் திரும்பி உண்மையாகவே அங்கே விதைத்து விற்கும் நாளில் அந்தப் பெயருக்கு மதிப்பு இராது. ஊர்ப் பெயர் நம்மிடம் மிஞ்சிய முதல். அதைப் பார்த்துச் செலவழிக்க வேண்டும்.

குழுவில் பேசுவோம்

– நமது பொதியில் ஐந்து அடி தூரத்தில் வாசிக்கக்கூடிய சொல் எது?

– திகதியும் விலாசமும் எழுதாமல் விற்கிறோமா? ஏன்?

– நமது குழுவுக்கு எந்தப் பெயர் வைப்போம்? அந்தப் பெயருக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்?