அளக்கும் கருவியை அளத்தல்

நீரிழிவு நோயாளர் பலர், தம் குருதியிலுள்ள சர்க்கரையின் அளவை அறிந்த பின்னரே இன்சுலின் மருந்தின் அளவை வரையறுப்பர். இதன்பொருட்டு நாள்தோறும் பன்முறை விரல் நுனியைக் குத்திக்கொள்ளும் துன்பத்தைக் குறைக்கப் புதிய கருவிகள் வந்துள்ளன. தோலின் கீழ்ப் பொருத்திய மெல்லிய இழை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைத் தெரிவித்துக்கொண்டேயிருக்கும். ஆயினும், அது குருதியை நேரே அளப்பதில்லை. உயிரணுக்களின் இடையே உள்ள நீரிலுள்ள சர்க்கரையையே அளக்கின்றது. குருதியில் நிகழும் மாற்றம் அந்நீரில் தோன்றச் சிறிது நேரம் பிந்தும். எனவே, அக்கருவியை எவ்வளவு நம்பலாம் என்பதை ஆராய்தல் இன்றியமையாதது.

ஆராய்வோர், கருவி அளவு காட்டும் அதே வேளையில் குருதி எடுத்து ஆய்வுக்கூடத்தில் அளப்பர். பின்னர் இரண்டையும் ஒப்பிடுவர். எங்ஙனம் ஒப்பிடுவது? இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினாற் போதும் என்று கருதுதல் தவறு. உண்மை அளவு 60, 100, 150 ஆக இருக்கும்போது ஒரு கருவி 120, 200, 300 என்று காட்டுவதாகக் கொள்வோம். புள்ளியியலார் கூறும் ஒட்டுறவு இங்கே முழுமையாக உள்ளது. கருவியோ முற்றும் பொய்க்கிறது! 1986-ஆம் ஆண்டில் பிளாண்டு, ஆல்ட்மன் என்னும் ஆங்கிலப் புள்ளியியல் அறிஞர் இருவர் இக்குறையைத் தெளிவுறுத்தினர். அதுவரை மருத்துவர் பலர் ஒட்டுறவையே சான்றாகக் காட்டி வந்தமை வியப்பே.

பிழைகளின் சராசரியும் ஏமாற்றக்கூடும். 100 என்பதை 120 எனவும், 200 என்பதை 180 எனவும் காட்டினால், மிகையும் குறையும் ஒன்றையொன்று கழித்துச் சராசரி சுழியாகும். ஆதலின், மிகை குறை என்னும் வேறுபாட்டை நீக்கி, ஒவ்வொரு பிழையும் உண்மை அளவில் எத்தனை விழுக்காடு எனக் கணிப்பர். இங்கே 20, 10. சராசரி 15 விழுக்காடு.

இதுவும் போதாது. 240-ஐ 300 என்று காட்டுவதும், 60-ஐ 75 என்று காட்டுவதும் 25 விழுக்காட்டுப் பிழைகளே. முன்னதில் இரண்டு எண்களும் சர்க்கரை மிகுந்துள்ளதையே அறிவிக்கின்றன. பின்னதிலோ, உடனே இனிப்பு உண்ண வேண்டிய ஒருவர், குறையொன்றும் இல்லை என்றெண்ணி உறங்கிவிடுவார். இரவில் அளவு மேலும் தாழின் வலிப்பும் நினைவிழப்பும் நேரலாம்.

இதனை உணர்ந்த வில்லியம் கிளார்க் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் துணைவரும் 1987-இல் ஒரு கட்டப்படம் வகுத்தனர். பிழையின் பருமனை மட்டுமன்றி, அதனால் நோயாளர் செய்யக்கூடிய தவற்றையும் கருதி, அப்படத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்தனர். அமெரிக்க உணவு மருந்து ஆட்சித்துறை 2018-இல், பிற கருவிகளோடு இணைந்து இயங்கும் சர்க்கரை அளவிகளுக்கு விதிகள் வகுத்தபோது, தாழ்ந்த அளவுகளைத் தனியே ஆராயுமாறு பணித்தது. உண்மை அளவு 70-க்குக் கீழிருக்கையில் கருவி ஒருமுறையேனும் 180-க்கு மேல் காட்டுதல் ஆகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று.